இருபது ஆம்ஸில் நிற்கிற மிஷின்

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மதியம், குட்டி யானை வண்டியில் எங்கள் தெருவுக்கு ஒரு ஆர்கான் சிலிண்டர் வந்து இறங்கியது. கிட்டத்தட்ட ஆள் உயரம். நானும் வண்டிக்காரரும் சாய்த்துப் பிடித்து உருட்டியே கொண்டுபோய்க் கார் ஷெட் மூலையில் நிறுத்தி, தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுக் கட்டினோம். எதிர்வீட்டுப் பெரியம்மா பதறிக்கொண்டு ஓடி வந்தார். "யாருக்குப்பா உடம்பு சரியில்ல?" 2021 கொரோனா அலைக்குப் பிறகு எங்கள் தெருவில் சிலிண்டர் என்றாலே ஆக்சிஜன்தான். "வெல்டிங்குக்குப் பெரியம்மா, ஆர்கான்" என்றதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. பெரியப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஆர்கான் அடித்தவர். அந்த வீட்டில் அந்தச் சொல் சாம்பார், ரசம் மாதிரிப் பழக்கம்.

புத்தகத்தில் இதற்கு டிக் வெல்டிங் என்று பெயர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என்றால்தான் சட்டென்று புரியும். ராடு பிடித்து அடிப்பது ஆர்க், கம்பி தானாக ஓடி வருவது சிஓடூ, எஸ்.எஸ். கைப்பிடியில் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக வருவது ஆர்கான். வீட்டு ஷெட்டுக்கு இந்த ஆர்கான் மிஷினை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இரண்டு வருஷம் அலைந்து, ஒரு தவறான மிஷினை வாங்கி, பிறகு சரியானதை வாங்கியவன் நான். அந்த அலைச்சல் இன்னொருவருக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருக்கும் இடம் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், மிஷின் தேர்வுக்கு அதுதான் அடிப்படை. அம்பத்தூரில் 1964-ல் தொழிற்பேட்டை வருவதற்கு முன்பே டிஐ சைக்கிள்ஸ் இங்கே சைக்கிள் செய்துகொண்டிருந்தது. ஆவடியில் 1961-ல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா டாங்கி தயாரானது. பாடியில் டிவிஎஸ் குழுமத்தின் ஆலைகள். வில்லிவாக்கத்தைத் தாண்டினால் 1955-லிருந்து ரயில் பெட்டி கட்டும் ஐ.சி.எஃப், இப்போது அங்கே ஓடுவதெல்லாம் எஸ்.எஸ். பெட்டிகள். வெல்டிங் துறையில் பெரிய பெயரான ஈசாப் நிறுவனத்தின் இந்தியத் தலைமையகமே நம் எஸ்டேட்டுக்குள்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது வெல்டிங் தெரிந்தவர் இருப்பார். பெங்களூரிலோ கோடம்பாக்கத்திலோ அடுக்குமாடியில் இருப்பவருக்குக் கிடைக்காத துணை இது. அந்தத் துணையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் மிஷின் வாங்கினால் தேவையில்லாத பணம் போகும். எனக்குப் போனது.

முதல் மிஷினை இணையத்தில் பார்த்து வாங்கினேன். பெட்டி மேல் பெரிதாக 200 ஆம்ஸ், டிக், ஆர்க் இரண்டும் என்று போட்டிருந்தது. வந்ததைப் பிரித்துப் பார்த்தால் கேஸ் இணைப்பே மிஷினில் இல்லை. டார்ச்சின் கழுத்தில் ஒரு திருகு வால்வு. அதைக் கையால் திறந்து, டார்ச் முனையில் இருக்கும் டங்ஸ்டன் கம்பியைத் தகட்டில் தீக்குச்சி மாதிரி உரசித்தான் ஆர்க் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு உரசலிலும் டங்ஸ்டன் நுனி தகட்டில் ஒட்டிக்கொண்டது. வேலையை முடித்து டார்ச்சைத் தூக்கினால் கடைசிப் புள்ளியில் ஒரு சின்னக் குழி, அதில் மயிரிழை விரிசல். 18 கேஜ் எஸ்.எஸ். தகட்டில் வைத்தால் ஓட்டை. கை பழகவில்லை என்று நினைத்து ஆறு மாதம் பயிற்சி செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். டார்ச்சை வாங்கி அவரே இரண்டு முறை முயன்றார். அவருக்கும் ஓட்டை விழுந்தது. ஆம்ஸ் திருகைக் கடைசி வரை இறக்கினார். ஆர்க் ஆடியது, துள்ளியது, அணைந்தது.

"இது நாப்பதுக்குக் கீழ நிக்கல தம்பி. மிஷின் எவ்ளோ ஆம்ஸ் குடுக்கும்னு பாத்து வாங்கிருக்க. எவ்ளோ கம்மியா நிக்கும்னு பாக்கணும்."

ஆர்கான் மிஷின் வாங்கும் விஷயத்தில் நான் கேட்ட மிக முக்கியமான வார்த்தை இதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரும்பிலும் எஸ்.எஸ்ஸிலும் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் நாற்பது ஆம்ஸ் என்பது பட்டறைக் கணக்கு. 18 கேஜ் தகடு 1.2 மில்லிமீட்டர், ஐம்பதுக்குள் முடிந்துவிடும். 16 கேஜ் பைப்புக்கு அறுபது, அறுபத்தைந்து. மூன்று மில்லிமீட்டர் பிளேட்டுக்கு நூற்று இருபது. வீட்டு ஷெட்டில் நாம் என்ன செய்யப் போகிறோம்? மாடித் தோட்டத்துக்கு ஸ்டாண்டு, எஸ்.எஸ். கைப்பிடி, பைக் சைலன்சர், சைக்கிள் கேரியர், விரிந்துபோன பாத்திரக் கைப்பிடி. முக்கால்வாசி வேலை முப்பதுக்கும் எண்பதுக்கும் நடுவில். அதிலும் ஒரு ஓரத்தை மூடும்போதும் வேலையை முடிக்கும்போதும் இருபதுக்கு, பத்துக்கு இறங்க வேண்டும். பெட்டி மேல் அச்சடிக்கும் 200 என்ற எண்ணை நாம் தொடப்போவதே அபூர்வம். பத்து ஆம்ஸில் ஆடாமல் நிற்கிறதா என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை, கடையில் நின்று அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆர்க் பிடிக்கும் விதமும் இதோடு சேர்ந்ததே. உரசிப் பிடிப்பது வேண்டவே வேண்டாம். தொட்டுத் தூக்கினால் பிடிப்பது பரவாயில்லை. தொடாமலே, பொத்தானை அமுக்கியதும் தீப்பொறி தாவிப் பிடிக்கும் ஹெச்.எஃப். இருந்தால் டங்ஸ்டன் சுத்தமாக இருக்கும், மெல்லிய தகட்டில் கறை படாது. ஹெச்.எஃப். அலை பக்கத்தில் உள்ள மின்னணுச் சாமான்களைத் தொந்தரவு செய்யக்கூடும். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் அவர் அந்தப் பக்கமே வரக்கூடாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஹெச்.எஃப். உள்ளதையே வாங்குங்கள். ஆர்க்கை மெதுவாக இறக்கி அணைக்கும் டவுன் ஸ்லோப், அணைந்த பிறகும் சில விநாடி கேஸ் ஓடும் போஸ்ட் ஃப்ளோ, இந்த இரண்டு திருகும் மிஷினின் முகத்தில் இருக்க வேண்டும். என் முதல் மிஷினில் அந்தக் குழியும் விரிசலும் வந்ததற்குக் காரணம் இவை இல்லாததுதான். கால் பெடல் இணைக்க வழி இருந்தால் இன்னும் நல்லது. தையல் மிஷின் மிதித்த கால் உள்ளவர்களுக்கு அது ஒரே வாரத்தில் பழகிவிடும்.

அடுத்தது எல்லோரும் தடுமாறுகிற இடம்: டிசி போதுமா, ஏசி-டிசி வேண்டுமா?

அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு தோல் இருக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அந்தத் தோல் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே உலோகம் தண்ணீராகியிருக்கும், மேலே தோல் பை மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். ஏசி மின்சாரம் மாறி மாறி ஓடும்போது ஒரு பாதியில் அந்தத் தோலை உடைக்கிறது, மறு பாதியில் உருக்குகிறது. அதனால் அலுமினியத்துக்கு ஏசி வேண்டும். இந்த வெல்டிங்கே இலகு உலோகத்துக்காகப் பிறந்ததுதான். 1941-ல் அமெரிக்காவின் நார்த்ரப் விமானத் தொழிற்சாலையில் ரஸல் மெரடித் என்பவர் மெக்னீசியத்தை ஒட்ட வழி தேடி, டங்ஸ்டன் முனையையும் ஹீலியம் வாயுவையும் சேர்த்துச் செய்துகாட்டினார். அங்கே ஹீலியம் தாராளமாகக் கிடைத்தது. நமக்கு ஆர்கான். சுற்றியிருக்கும் காற்றிலேயே நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அது இருக்கிறது.

ஏசி-டிசி மிஷின், அதே தரத்து டிசி மிஷினைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை. நான் எனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: வருஷத்துக்கு எத்தனை நாள் அலுமினியம் அடிப்பேன்? நேர்மையான பதில், இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்கும் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் எஸ்டேட் இருக்கிறது. உடைந்த கிளட்ச் கவரைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனால், டீ குடித்து முடிப்பதற்குள் கைதேர்ந்த ஒருவர் அடித்துக் கொடுத்துவிடுவார். அவருக்கும் நாலு காசு போகும். ஆவடி, திருமழிசை, பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே வசதி உண்டு. ஆகவே என் முடிவு: அலுமினியமே உங்கள் முக்கிய வேலை என்றால் ஒழிய, டிசி மிஷின் போதும். மிச்சப்படும் பணத்தை நல்ல ரெகுலேட்டர், நல்ல ஹெல்மெட், நல்ல வயரிங் ஆகியவற்றில் போடுங்கள்.

வயரிங் விஷயத்தில் நம் வீடுகளில் பயமும் அலட்சியமும் கலந்தே இருக்கின்றன. "வெல்டிங் போட்டா தெருவே டிம் ஆயிடும்" என்பது பழைய டிரான்ஸ்பார்மர் மிஷின் காலத்துப் பேச்சு. ஆர்கானில் 100 ஆம்ஸ் ஓடும்போது ஆர்க்கின் மின்னழுத்தம் 14 வோல்ட் அளவுக்குத்தான். அதாவது 1.4 கிலோவாட். மிஷினின் இழப்பையும் பவர் ஃபாக்டரையும் சேர்த்தாலும் 230 வோல்ட் பிளக்கிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆம்ஸ்தான் இழுக்கும். வாட்டர் ஹீட்டர் அளவு. அதே 100 ஆம்ஸில் ராடு அடித்தால் ஆர்க்குக்கு 24 வோல்ட் வேண்டும். இழுப்பு பதினெட்டைத் தொடும், பதினாறு ஆம்ஸ் பிளக் சூடாகும். ஆர்கானை முழு 200-ல் ஓட்டினால் இருபத்தைந்தைத் தாண்டும். ஆகவே மெயின் போர்டிலிருந்து தனியாக 6 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், தனி எம்.சி.பி., தொழிற்சாலைகளில் பார்க்கும் நீல நிற மூன்று பின் சாக்கெட். இதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்யுங்கள், அவரிடமே எர்த் குழியையும் சோதிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு எர்த் குழி பல வருஷமாகத் தண்ணீர் பார்க்காமல் காய்ந்து கிடந்தது. மிஷின் வாங்கியதால்தான் அது தெரிந்தது. மொத்த வீட்டுக்கும் அது நல்லதாகப் போயிற்று.

கூலிக்கு வேலை எடுக்கப்போகிறவர்கள் வீட்டு மின் இணைப்பில் செய்யக்கூடாது. மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு அதற்கு உரிய கட்டண வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மிஷினின் பின்பக்கம் ஒரு தகடு ஒட்டியிருப்பார்கள். பெட்டியைப் பார்க்காதீர்கள், அந்தத் தகட்டைப் படியுங்கள். எக்ஸ் என்ற எழுத்துக்கு நேராகச் சதவீதம் இருக்கும். 60 சதவீதம் என்றால் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் அடிக்கலாம், நாலு நிமிஷம் ஆற விட வேண்டும். ஐ.இ.சி. 60974-1 தரப்படி இந்த எண்ணை 40 டிகிரி வெப்பத்தில் சோதித்துப் போட வேண்டும். சில மலிவு மிஷின்களில் தரத்தின் பெயரும் இருக்காது, வெப்பநிலையும் இருக்காது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மே மாதம், மதியம் இரண்டு மணிக்கு நம் ஷெட்டுக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தகட்டில் எண்கள் தெளிவாக இல்லாத மிஷினை நான் கையால் தொடமாட்டேன்.

வெப்பம் என்றதும் ஃபேன் ஞாபகம் வருகிறது. ஆர்கானுக்கு ஃபேன் காற்று எதிரி. டங்ஸ்டனைச் சுற்றி நிமிஷத்துக்கு எட்டு லிட்டர் போல மெதுவாக வழியும் வாயு, ஃபேன் ஓடினால் கலைந்துவிடும். வெல்டில் பஞ்சு மாதிரி ஓட்டைகள் விழும். ஃபேன் இல்லாமல் சென்னையில் பத்து நிமிஷம் உட்கார முடியாது. எனக்குக் கிடைத்த வழி: மேசையின் மூன்று பக்கமும் தகரத் தடுப்பு, ஃபேன் என் முதுகுப் பக்கம் தரையோடு, வேலை நேரம் காலை ஐந்தரை முதல் எட்டு வரை. அக்கம்பக்கத்துத் தூக்கத்துக்காக அந்த நேரத்தில் கிரைண்டர் வேலை வைத்துக்கொள்வதில்லை. அறுப்பதும் தேய்ப்பதும் முந்தைய நாள் மாலையே முடிந்திருக்கும். ஷெட்டை முழுக்க மூடிக்கொண்டும் அடிக்கக்கூடாது. ஆர்கான் காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும்.

சிலிண்டர் கணக்கு மிஷின் கணக்கைவிட முக்கியம் என்பேன். பெரிய சிலிண்டரில் ஏழு கனமீட்டர், அதாவது ஏழாயிரம் லிட்டர். நிமிஷத்துக்கு எட்டு லிட்டர் என்றால் சுமார் பதினாலரை மணி நேரம் ஆர்க் எரியும். வார இறுதியில் மட்டும் அடிப்பவருக்கு இது பல மாதம் வரும். பத்து லிட்டர் கொள்ளளவு உள்ள சின்ன சிலிண்டரில் ஆயிரத்து ஐந்நூறு லிட்டர்தான், மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆனால் ஸ்கூட்டரில் சிலிண்டர் ஏற்றக்கூடாது. அதனால் எதை எடுத்தாலும் வண்டி வாடகை ஒன்றுதான். நான் பெரியதை எடுத்தேன். மிஷின் வாங்குவதற்கு முன்பே கேஸ் ஏஜென்சிக்குப் போய் மூன்று விஷயம் கேளுங்கள்: தனி ஆளுக்குக் கொடுப்பார்களா, டெபாசிட்டா வாடகையா, சிலிண்டர் கழுத்தில் குத்தியிருக்கும் சோதனைத் தேதி எது? தூய்மை 99.99-க்குக் குறையக்கூடாது. கசிகிற ரெகுலேட்டர் ஒரே இரவில் சிலிண்டரைக் காலி செய்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் போயிற்று. அதிலிருந்து வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடிவிட்டுத்தான் கை கழுவுகிறேன்.

பிராண்டு எது என்று கேட்பீர்கள். ஈசாப், அடார் போன்ற பழைய பெயர்கள் உண்டு, சீன இறக்குமதிகளும் நிறைய உண்டு. என் அளவுகோல் ஒன்றே: போர்டு போனால் ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோய் அன்றே கொடுக்கக்கூடிய சர்வீஸ் இடம் இருக்கிறதா? டார்ச் பாகங்களான செராமிக் கப், காலட், பின்மூடி ஆகியவை எஸ்டேட் கடையில் சில்லறையாகக் கிடைக்கிற வகையா? இரண்டுக்கும் ஆம் என்றால் பெயர் எதுவானாலும் வாங்கலாம்.

டங்ஸ்டன் கம்பியில் கடைக்காரர் பழக்கத்தில் சிவப்பு முனையை எடுத்துக் கொடுப்பார். அதில் தோரியம் இருக்கிறது. லேசான கதிரியக்கப் பொருள், தீட்டும்போது வரும் தூசியை மூச்சில் இழுக்கக்கூடாது. வீட்டில் குழந்தைகள் நடமாடும் ஷெட்டில் அது எதற்கு? தங்க நிறம் அல்லது நீல நிறம் கேட்டு வாங்குங்கள், லான்தனம் கலந்தது, டிசியில் அருமையாக வேலை செய்யும். 1.6 மில்லிமீட்டர் ஒன்று போதும், தடித்த வேலைக்கு 2.4. உருக்கிச் சேர்க்கும் பில்லர் கம்பி, எஸ்.எஸ். 304-க்கு 308எல். கேட் கடைகளில் எஸ்.எஸ். என்று விற்கும் பைப் பல நேரம் 202, மழையில் புள்ளி புள்ளியாகத் துரு வரும். பைப் வாங்கும்போதே கேளுங்கள்.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. ஆர்கான் ஆர்க்கில் புகையும் பொறியும் குறைவு. அதனாலேயே ஆபத்து இல்லை என்று தோன்றும். புகை மறைக்காததால் புற ஊதாக் கதிர் முழு வீச்சோடு வருகிறது. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி, பின்னால் நிற்பவர் கண்ணையும் தாக்கும். இரவில் கண்ணில் மணல் கொட்டின மாதிரி எரியும்போது உருளைக்கிழங்கை வெட்டி வைப்பதை விட்டுவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள். என் ஷெட் சுவருக்கு மங்கலான சாம்பல் நிற பெயின்ட் அடித்தேன், தெருப்பக்கம் கனமான திரை போட்டேன். முழுக்கைப் பருத்திச் சட்டை கட்டாயம். கழுத்து பொத்தான் வரை. இன்னொன்று, பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயால் துடைத்த பாகத்தில் ஒருபோதும் ஆர்க் வைக்காதீர்கள். குளோரின் கலந்த கிளீனராக இருந்தால் அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். அசிட்டோனில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு அடியுங்கள்.

இரண்டாவது மிஷினுக்குப் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சட்டைப் பையில் 18 கேஜ் எஸ்.எஸ். துண்டுகள் நாலு கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் காட்டிய மூன்று மிஷினிலும் ஆம்ஸை இருபதுக்கு இறக்கி, ஒரு விரல் நீளத்துக்குப் பில்லர் இல்லாமல் ஓட்டினார். முதலாவதில் ஆர்க் நடுங்கியது. இரண்டாவதில் பொத்தானை விட்டதும் சட்டென்று அணைந்தது. மூன்றாவதில் நூல் பிடித்த மாதிரிப் போய், மெல்லத் தேய்ந்து, அடங்கியது. துண்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "இத எடு" என்றார். 200 ஆம்ஸ் டிசி, ஹெச்.எஃப்., சிங்கிள் பேஸ், பெடல் இணைப்பு உள்ளது. அதில்தான் இன்றுவரை அடிக்கிறேன்.

மிஷினைத் தரையில் வைக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் விட்டபோது எத்தனை பட்டறைகளில் மிஷின்கள் மூழ்கின என்று பார்த்தவன். அந்த மிஷினால் நான் செய்த முதல் சாமானே அதற்கான ஸ்டாண்டுதான், தரையிலிருந்து மூன்றரை அடி உயரம். நீங்கள் கடைக்குக் கிளம்பும்போது உங்கள் வேலைக்கு உரிய தகட்டுத் துண்டுகளை நீங்களே வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். இருபது ஆம்ஸில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.